பத்துக்குப் பத்து அறையில் மிக்ஸிங்: எந்த ஸ்டுடியோ மானிட்டரை வாங்கலாம்?

மாடியறை ஒன்றில் கணினி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்யும் இளைஞர்களை நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை இன்று எங்கும் பார்க்க முடிகிறது. ஆலயப் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாடல்கள், அம்மன் கோவில் கொடைக்கான வில்லுப்பாட்டு, திருமணக் காணொளிக்கான இசை என்று அவர்கள் கையில் எப்போதும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. அவர்களுள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, ஜோடி நாற்பதாயிரம் ரூபாயை ஒட்டி மிக்ஸிங்குக்கு, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவறிந்து ஒன்றாகச் சேர்ப்பதற்கு, எந்த ஸ்டுடியோ மானிட்டர் (ஒலியை மெருகேற்றாமல் உள்ளபடி காட்டும் ஸ்பீக்கர்) வாங்கலாம் என்பதுதான். அண்மையில் மார்த்தாண்டத்திலிருந்து வந்த தம்பி ஒருவர், ஐந்தாறு மாடல்களின் பெயர்களையும் அவற்றின் வாட் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தாளைப் பார்ப்பதற்கு முன் அவருடைய அறையின் அளவையும், மேசை எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்பதையும் கேட்டேன். "பத்துக்குப் பத்து இருக்கும் அண்ணா, அளந்து பார்த்ததில்லை" என்றார். அளந்துவிட்டு வரும்படி அனுப்பிவைத்தேன், ஏனென்றால் எந்த மானிட்டர் பொருந்தும் என்பதில் பாதியை அந்த அளவே தீர்மானித்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், தக்கலைக்கு அருகே எங்கள் வீட்டு மாடியில் கிட்டத்தட்ட சதுரமான ஒரு கான்கிரீட் அறையில், சப்ஊஃபர் சேர்ந்த ஒரு ஹோம் தியேட்டர் செட்டை வைத்துக்கொண்டு ஒரு பாடகர் குழுவின் பாடலை மிக்ஸ் செய்தேன். பாடலின் சுருதி ஏ. பேஸ் கிட்டார் அந்த ஏ சுரத்துக்கு வந்து நிற்கும் இடங்களில் மட்டும் ஒலி காணாமல் போவதுபோல் இருந்ததால், வாசித்தவர் விரல் தளர்ந்துவிட்டார் என்று எண்ணி, அந்தப் பகுதியை நானே படிப்படியாக உயர்த்தினேன். மறுநாள் குழுத்தலைவரின் காரில் பாடலைப் போட்டபோது, அந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் கதவின் உட்பலகை அதிர்ந்தது, பாடியவர்களின் குரல் அதற்குள் அமுங்கிப்போனது. வாசித்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்து கேட்டதுதான் தவறு.

காரணம் எளிய கணக்குதான். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிரான இரு சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் மோதி நிலைத்து நிற்கும் முதல் அதிர்வெண்ணைப் பெற, ஒலியின் வேகத்தை அந்த நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும், அப்படி வகுத்தால் 57 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த அதிர்வெண் சுவரோரத்தில் பெருத்தும், அறையின் நடுவில் மறைந்தும் கேட்கும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ் என்பதால், நான் இருந்த இடத்தில் அது ஏறக்குறைய முழுமையாக விழுங்கப்பட்டுவிட்டது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்துவிட்டால், மூன்று திசையிலும் இதே 57 ஹெர்ட்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நிலைமை இன்னும் மோசமாகும். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் தாழ்ந்த ஒலியை வெளியே விடாமல் திருப்பியனுப்புகின்றன. மரத்தாலான மச்சும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய வீடுகளில் அந்த ஒலியில் ஒரு பங்கு மேல்வழியாக வெளியேறிவிடுவதால் அங்கே பேஸ் இவ்வளவு குமுறுவதில்லை. பாட்டன் காலத்து ஓட்டுவீட்டில் ஓர் அறை சும்மா கிடக்குமானால், புதிய மாடியறையைவிட அதுவே மிக்ஸிங்குக்கு நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

தாழ்ந்த ஒலியைத் தரும் ஊஃபர் எட்டு அங்குலமாக வேண்டும் என்ற ஆசையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யமஹாவின் எச்எஸ்8, ஒலி 10 டெசிபல் குறையும் இடத்தை எல்லையாகக் கொண்ட அளவுகோலில் 38 ஹெர்ட்ஸ் வரையும், எச்எஸ்7 43 ஹெர்ட்ஸ் வரையும், ஐந்து அங்குல எச்எஸ்5 54 ஹெர்ட்ஸ் வரையும் இறங்குகின்றன. தாளில் எச்எஸ்8 வெல்கிறது. ஆனால் ஒலியை உறிஞ்சும் பேனல் எதுவும் மாட்டாத பத்தடி அறையில், அது கூடுதலாகத் தரும் தாழ்ந்த ஒலி பெரும்பாலும் அறையின் 57 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைத்தான் கிளறிவிடுகிறது. எச்எஸ்5 அந்த இடத்துக்கு வரும்போதே தானாகத் தணிந்துவிடுவதால், அறையின் குறை குறைவாகவே வெளிப்படுகிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதை ஐந்து அங்குல ஸ்பீக்கர் முழுமையாகக் காட்டாது, அதன் இரு மடங்கான 82 ஹெர்ட்ஸைக் காட்டும், காது அதிலிருந்து சுரத்தை அறிந்துகொள்ளும். காட்ட முடியாத ஒன்றைப் பொய்யாகக் காட்டுவதைவிட இது மேல், விடுபட்டதை ஹெட்போனில் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

அடுத்தது சுவரிலிருந்து உள்ள தூரம். "ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வை" என்ற அறிவுரையைக் கேட்காதவர் இல்லை. பெரிய அறைக்கு அது ஓரளவு பொருந்தலாம், சிறிய அறையில் அதுவே தீங்காக முடிகிறது. ஸ்பீக்கரின் பின்னால் வளைந்து செல்லும் தாழ்ந்த ஒலி, சுவரில் பட்டுத் திரும்பி முன்னே வரும் ஒலியோடு சேரும்போது, அந்தத் தூரத்தின் நான்கு மடங்கு நீளமுள்ள அலையை அழித்துவிடும். ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் 145 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும், அது ஆண்குரலின் அடித்தளம் இருக்கும் இடம். ஒரு மீட்டரில் வைத்தால் 87 ஹெர்ட்ஸில் விழும். மாறாக, எச்எஸ்5-இன் ஆழம் 22 சென்டிமீட்டர்தான் என்பதால், பின்னால் பத்து சென்டிமீட்டர் மட்டும் இடைவெளி விட்டு வைத்தால் முகப்பு 32 சென்டிமீட்டரில் நிற்கும், பள்ளம் 270 ஹெர்ட்ஸுக்கு மேலேறிவிடும். அந்த அதிர்வெண்ணை, ஸ்பீக்கருக்குப் பின்னுள்ள சுவரில் பொருத்திய நான்கு அங்குல ராக்வூல் (கனிமப் பஞ்சு) பேனல் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். 145 ஹெர்ட்ஸை உறிஞ்ச அதைவிடத் தடிமனான பேனல் வேண்டும். ஆகவே சிறிய அறையில் மேசையைச் சுவரை ஒட்டிப் போட்டு, சுவரால் கூடும் பேஸை ஸ்பீக்கரின் பின்னால் உள்ள சுவிட்சால் குறைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

பின்புறம் போர்ட் (காற்று வந்துபோகும் துளை) உள்ள ஸ்பீக்கரைச் சுவரோரம் வைக்கவே கூடாது என்பதும் பாதி உண்மைதான். போர்ட்டிலிருந்து வரும் தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவுவது, ஆகவே முன்புறப் போர்ட் உள்ள ஸ்பீக்கரும் சுவரோரத்தில் பேஸைக் கூட்டத்தான் செய்யும். காற்று மூச்சுத் திணறாமல் வந்துபோக பத்து சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே போதும். அதனால் "முன்போர்ட்டா, பின்போர்ட்டா" என்பதை வைத்து மட்டும் மாடலைத் தேர்ந்தெடுப்பது தேவையற்றது. கேட்டுப் பார்க்க வேண்டியது, சுவரோர பேஸைக் குறைக்கும் வசதி அதில் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தான்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மாடல்களுக்கு இடையிலான வேறுபாடு தெளிவாகிறது. யமஹா எச்எஸ்5-இல் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும் ரூம் கண்ட்ரோல் சுவிட்ச் இருக்கிறது. ஊஃபருக்கு 45 வாட், உயர்ந்த ஒலியைத் தரும் ட்வீட்டருக்கு 25 வாட் என்று தனித்தனி ஆம்ப்ளிஃபையர்கள் உள்ளன. ஜேபிஎல் 305பி மார்க் 2-இல் பவுண்டரி ஈக்யூ என்ற பெயரில் தாழ்ந்த ஒலியை 1.5 அல்லது 3 டெசிபல் குறைக்கலாம். ஆடம் டி5வி-இல் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் 2 டெசிபல் கூட்டவோ குறைக்கவோ முடியும். கேஆர்கே ராக்கிட் 5-இன் நான்காம் தலைமுறையில் பின்புறம் சிறிய திரையோடு, ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ அமைப்பு இருக்கிறது. காலி எல்பி-6 தான் இந்த விஷயத்தில் மிகவும் அக்கறையாகச் செய்யப்பட்டது: ஸ்பீக்கர் ஸ்டாண்டில் இருக்கிறதா, மேசைமேல் இருக்கிறதா, சுவரோரத்தில் இருக்கிறதா என்பதற்கு ஏற்ப எந்தச் சிறு சுவிட்சுகளைத் தள்ள வேண்டும் என்று பின்பக்கத்தில் படமே போட்டிருப்பார்கள். ஆனால் அதன் ஊஃபர் 6.5 அங்குலம், 39 ஹெர்ட்ஸ் வரை இறங்கக் கூடியது. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை உள்ளவருக்கு அதை மனமாரப் பரிந்துரைப்பேன், பத்தடிச் சதுர அறைக்கு முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

ஒலியின் இயல்பில் இவை ஒவ்வொன்றும் வேறு. எச்எஸ்5 இடைப்பட்ட ஒலியை, குறிப்பாகக் குரலின் கூர்மை இருக்கும் பகுதியை, முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். 1978-இல் யமஹா வெளியிட்டு, பின்னர் உலகெங்கும் ஸ்டுடியோக்களில் இடம்பிடித்த என்எஸ்-10 என்ற வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கரின் சாயல் இதன் தோற்றத்திலும் உண்டு. சுகமாகப் பாட்டுக் கேட்க விரும்புபவருக்கு இது வறண்டதாகத் தோன்றும், குரல் கரகரப்பாக இருக்கும் இடத்தை மறைக்காமல் காட்டிவிடும். ஜேபிஎல் 305பி-இல் ட்வீட்டரைச் சுற்றியுள்ள குழிவான வேவ்கைடு ஒலியைப் பரப்பி அனுப்புவதால், தலையைச் சற்று அசைத்தாலும் எந்த ஒலி இடப்பக்கம், எது வலப்பக்கம் என்ற படிமம் கலைவதில்லை, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் திருத்தும் இடங்களுக்கு இது பெரிய வசதி. அதைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, பாட்டு ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து வரும் மெல்லிய இரைச்சல். மின்விசிறி சுழலும் நம் அறைகளில் பகலில் அது கேட்காது. ஆனால் எதிரொலியின் வால் எங்கே முடிகிறது என்று கவனிக்கும் வேலையை விசிறியை நிறுத்திவிட்டு இரவில்தான் செய்ய வேண்டியிருக்கும், அப்போது அது உறுத்தக் கூடும்.

ஆடம் டி5வி-இல் வழக்கமான அரைவட்ட ட்வீட்டருக்குப் பதிலாக, துருத்திபோல் மடிக்கப்பட்ட மெல்லிய படலம் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. உயர்ந்த அதிர்வெண்களில் அது காட்டும் நுணுக்கம் இந்த விலைக்கு வியப்பூட்டுவது. வில்லுப்பாட்டை மிக்ஸ் செய்பவர்களுக்கு இதன் பயன் உடனே புரியும். வீசுகோல் படும்போது வில்லில் கட்டிய மணிகள் எழுப்பும் ஒலி, ஜால்ராவின் ஒலி, பாடுபவர் 'ச' என்று உச்சரிக்கும்போது வரும் சீறல் ஆகிய மூன்றும் ஒரே உயர்ந்த பகுதியில் வந்து மோதிக்கொள்கின்றன. சாதாரண ஸ்பீக்கரில் அவை ஒரே திரளாகக் கேட்பதால், மணியைக் குறைக்க நினைத்துக் குரலின் தெளிவையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். இதில் அவை மூன்றும் பிரிந்து நிற்கின்றன.

ஆனால் அதே வில்லுப்பாட்டில் குடம் இருக்கிறது. குடத்தின் வாயில் மட்டை படும்போது எழும் 'தொம்' என்ற முழக்கத்தில் இரண்டு பகுதிகள் உண்டு: மட்டை படும் சத்தம் ஒன்று, குடத்துக்குள் காற்று அதிரும் தாழ்ந்த ஒலி மற்றொன்று. கொடைவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியிலும் கைபேசியிலும் இரண்டாவது பகுதி வராது, முதற்பகுதி மட்டுமே கேட்கும். அந்த முதற்பகுதி, முதன்மைப் பாடகரான அண்ணாவியின் குரல், உடுக்கை ஆகிய மூன்றும் இடைப்பட்ட ஒலியில் தமக்கென இடம் பிடித்திருந்தால்தான் பாட்டு தெருமுனையிலும் புரியும். இந்த நிதானத்தைச் சரிபார்க்க எச்எஸ்5-இன் நேர்மையான இடைப்பகுதிதான் எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது. பாடகர் குழுவின் நான்கு குரல்களில் தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோவும் உயர்ந்த ஆண்குரலான டெனரும் ஒன்றையொன்று மூடாமல் வைப்பதும் இதே வகை வேலைதான். ஆகவே குரலே முதன்மை என்றால் எச்எஸ்5, தாளமும் மணியும் எலக்ட்ரானிக் ஒலிகளும் முதன்மை என்றால் டி5வி என்பது என் தீர்மானம். ராக்கிட் 5 பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை, நடன இசை செய்பவர்கள் அதை விரும்புவது நியாயமே, குரல் மிக்ஸிங்குக்கு என் கை அதை நாடுவதில்லை.

கையில் பதினைந்தாயிரம்தான் இருக்கிறது என்பவருக்கு, பிரிசோனஸ் ஈரிஸ் 3.5 போன்ற சிறிய ஜோடி ஒரு வழி. அது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது, குரல் பதிவையும் தொகுப்பையும் கவனிக்கப் போதுமானது. எனினும் அந்தப் பணத்துக்கு நல்ல ஹெட்போன் வாங்குவதே மேல் என்பது என் கருத்து. 1991 முதல் விற்பனையில் இருக்கும் சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று, அறை எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும், ஆனி ஆடி மழை தகரக் கூரையில் கொட்டும்போதும் வேலை நிற்காது. ஹெட்போனில் இடக்காது இடப்பக்க ஒலியை மட்டுமே கேட்பதால், எதிரொலியின் அளவையும் குரலின் இடத்தையும் தவறாகக் கணிக்க வாய்ப்புண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்து, முடித்த பாட்டைக் காரிலும் கைபேசியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

விலையைக் கணக்கிடும்போது இரண்டு இடங்களில் பலர் ஏமாறுகிறார்கள். எச்எஸ்5 போன்றவை பெரும்பாலும் ஒன்றொன்றாகத் தனித்தனியே விற்கப்படுகின்றன, காட்டப்படும் விலை ஜோடிக்கா ஒன்றுக்கா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அடுத்தது கேபிள். இன்டர்ஃபேஸிலிருந்து மானிட்டருக்கு, வெளி இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு கேபிள்தான் போட வேண்டும், இல்லையெனில் லேப்டாப் சார்ஜரின் சிணுங்கல் ஸ்பீக்கரில் வந்து சேரும். டி5வி-இல் பேலன்ஸ்டு இணைப்புக்கு மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் மட்டுமே உண்டு, எச்எஸ்5-இல் எக்ஸ்எல்ஆர், ஜாக் வடிவ டிஆர்எஸ் இரண்டும் உண்டு, அதற்கேற்ற முனையைக் கேட்டு வாங்க வேண்டும். 'ம்ம்ம்' என்ற உறுமல் வந்தால் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து. கணினி, இன்டர்ஃபேஸ், மானிட்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பெரும்பாலும் உறுமல் அடங்கிவிடும், அடங்காவிட்டால் வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்க வேண்டும். மின்தடைக்கு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள், அது சைன் வேவ் வகையா என்றும் பார்க்க வேண்டும், சதுர அலை இன்வெர்ட்டரில் ஸ்பீக்கர் இரைவது இயல்பு.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஜாக்குகளையும் சுவிட்சுகளையும் மெல்ல அரித்துவிடும். வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் மூடிவைப்பதும், இணைப்புகளை அவ்வப்போது கழற்றித் துடைப்பதும் அங்கே கட்டாயம். பழைய ஸ்பீக்கரை வாங்குபவர்கள் ஊஃபரின் ஓர வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்க்கட்டும். ரப்பர் என்றால் மிருதுவாக வளைந்துகொடுக்கும். பஞ்சுபோன்ற ஃபோம் என்றால் நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் நைந்து உதிரத் தொடங்கியிருக்கும்.

மார்த்தாண்டத்துத் தம்பி அளந்து வந்தபோது அறை பத்தடிக்குப் பத்தேகால் அடி, உயரம் பத்தடி. அவர் செய்வது பெரும்பாலும் ஆலயப் பாடல்கள். எச்எஸ்5 ஜோடியை வாங்கச் சொன்னேன். அவருடைய தாளில் முதலிடத்தில் இருந்த எட்டு அங்குல மாடலுக்கு ஆகியிருக்கும் தொகையில் மிஞ்சியதை நான்கு ராக்வூல் பேனல்களுக்கும் கேபிளுக்கும் ஒதுக்கினோம். மேசையைச் சுவரோரம் தள்ளி, இரண்டு ட்வீட்டர்களும் அவர் தலையும் சம பக்க முக்கோணமாக அமையும்படி தரையில் ஒட்டும் நாடாவால் குறித்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவருடைய தங்கை முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பக்கச் சுவரோடு சேர்த்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிந்த இடத்தில் பென்சிலால் குறியிட்டு, அங்கே ஒரு பேனல், எதிர்ச்சுவரில் அதே இடத்தில் ஒரு பேனல் மாட்டினோம். மீதி இரண்டும் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் போயின. ரூம் கண்ட்ரோலை முதலில் 4 டெசிபல் குறைத்துப் பார்த்தோம், ஆண்குரல் மெலிந்துவிட்டதால் 2-இல் நிறுத்தினோம். நாற்காலி அறையின் நடுவுக்கு வந்துவிடாமல், முன்சுவரிலிருந்து நான்கடியில் இருக்கிறது. ஹெட்போனை இந்தக் கிறிஸ்துமஸ் பாடல்களுக்குக் கூலி வந்ததும் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை 55 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தொடாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.